ஒன்பதாம் கதவுக்கு நாற்பது நொடி

1

நான் அசையாமல் உட்கார்ந்தால் என் அலுவலக அறையில் விளக்கு அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கம்பெனி செய்திருக்கும் ஏற்பாடு இது. கூரையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண் இருக்கிறது. கீழே ஆள் அசைகிறானா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அசைவில்லை என்றால் ஆளில்லை என்று அதற்கு அர்த்தம். என் அறைக்குச் சன்னல் கிடையாது, அதனால் பகல் பதினொரு மணிக்கே கும்மிருட்டாகிவிடும். உடனே நான் கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யோசிக்கிறவன் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்க மாட்டான் என்பது அந்தக் கண்ணைப் பொருத்தியவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது, 'ஐயா, நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று கூரையைப் பார்த்துக் கை ஆட்டுகிறேன்.

போன வாரம் அப்படி ஆட்டும்போதுதான் ஞாபகம் வந்தது, அமெரிக்கா வந்து அன்றோடு எட்டு வருஷம். சாயங்காலம் வீட்டில் சொன்னேன். "அப்படியா?" என்றாள் ரேவதி. என் மனைவி எதற்கும் பெரிதாக ஆச்சரியப்படுகிறவள் இல்லை. மகள் அகிலாவுக்கு ஆறு வயது. எட்டு வருஷம் என்பது அவளுடைய ஆயுளைவிட நீளம் என்பதால் அவள் மட்டும் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள்.

அதே வாரம் திருத்தங்கலில் இருந்து என் பள்ளிக்கூட நண்பன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். நான் செய்யும் வேலையைப் பற்றி, 'நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, பட்டாசோடு ஒப்பிட்டு' எழுத வேண்டுமாம். சிவகாசிப் பக்கத்துக்காரன் எதைச் சொன்னாலும் அதில் ஒரு சரவெடி இருந்தாக வேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்டியிருக்கிறார்கள். என் அப்பா விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்தான். ஆனால் நான் படித்தது மின்னணுவியல், பட்டாசுக்கும் என் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் வேலைக்குச் சம்பந்தம் இருப்பது எங்கள் தெருவில் இருக்கும் அச்சாபீஸ்களோடு. அதை எழுதுகிறேன். மலரில் போடலாமா வேண்டாமா என்பதை, படித்து முடித்தபின் நண்பனே முடிவு செய்துகொள்ளட்டும்.

2

முதலில் என் வேலை. கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற சிப்புக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கும். நொடிக்குப் பல கோடித் தடவை. காதில் கேட்கிற மணி இல்லை, மின்சாரம் ஏறி இறங்குவதைத்தான் மணி என்கிறேன். அந்த மணிக்குத்தான் உள்ளே இருக்கும் அத்தனை பகுதிகளும் ஒன்றாக அடி எடுத்து வைக்கும். இந்த மணியைச் சிப்பின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே ஏகப்பட்ட மின்சாரம் செலவாகிறது. வேலை இல்லாத பகுதிக்கு எதற்கு மணி? நிறுத்திவை. யாருக்கு வேலை இல்லை என்று பார்த்து மணியை நிறுத்துவதுதான் என் உத்தியோகம். நிறுத்தினால் அந்தப் பகுதி செத்துப்போகாது. கடைசியாக என்ன தெரிந்துவைத்திருந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மணி திரும்ப வந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

நிறுத்துவது சுலபம். எழுப்புவதில்தான் வில்லங்கம். பல பகுதிகளை ஒரே நேரத்தில் எழுப்பினால் அத்தனையும் ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சும். மின்னழுத்தம் சட்டென்று சரியும். இந்தச் சரிவையும் துடிப்பையும்தான் எங்கள் தொழிலில் இரைச்சல் என்போம். இரைச்சலில் பக்கத்துப் பகுதி ஒன்று என்பதைப் பூஜ்யம் என்று படித்துவிடும், அப்புறம் கணக்கெல்லாம் கோணல்தான். ஆகவே ஒவ்வொன்றாக, துளி இடைவெளி விட்டு எழுப்ப வேண்டும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டுக் கணக்கிட்டே எனக்குத் தலை நரைத்தது.

மணி நிறுத்தப்பட்ட பகுதி கடைசியாகத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்று ஒருநாள் ரேவதிக்கு விளக்கினேன். "அப்படியென்றால் அது நாம்தான்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் நிலைமை அதுதான். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்குக் கம்பெனி விண்ணப்பித்து நாலு வருஷம் ஆகிறது. வரிசை நகரவில்லை. அந்த விண்ணப்பத்தில் என் வேலை இன்னது என்று நாலு வரி எழுதியிருக்கிறது, அந்த நாலு வரியை விட்டு நான் விலகக் கூடாது. இரண்டு தடவை பதவி உயர்வு தருவதாகச் சொன்னார்கள். கம்பெனியின் வக்கீலம்மாவைப் போனில் கேட்டேன். வேலையின் தன்மை மாறினால் விண்ணப்பத்தை முதலில் இருந்து போட வேண்டியிருக்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவர் இப்போது எனக்கு மேலே இருக்கிறார். நான் அதே நாற்காலியில், அதே நாலு வரிக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊருக்குப் போவதும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் குத்திய விசா காலாவதியாகிவிட்டது. உள்ளே இருக்கும்வரை அதனால் குற்றமில்லை. வெளியே காலெடுத்து வைத்தால், சென்னையில் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். சிப் வடிவமைக்கிறவன் என்றால் கூடுதல் சோதனை என்று சொல்லி நிறுத்திவைப்பார்கள். எவ்வளவு நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் லீவு போட்டுப் போனார். ஏழு மாசம் சென்னையில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் இங்கே அவருடைய நாற்காலியில் வேறு ஆள். அவர் கதையைக் கேட்டபிறகு நான் ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடைசியாகப் போனபோது அகிலாவுக்கு ஒரு வயது.

3

என் அண்ணன் பெயர் காளிராஜ். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். திருத்தங்கலில் எங்கள் வீடு இருக்கும் சின்னத் தெருவில் ஒன்பது அச்சாபீஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மிஷின், ஒரு கதவு. கடைசிக் கதவு அண்ணனுடையது. பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள்தான் அங்கே பாதி வேலை. அண்ணன் மிஷினில் நிற்பார், மதினி வெட்டி எண்ணிக் கட்டுவார்.

வாரம் ஒருமுறை பேசுவோம். எனக்குச் சாயங்காலம், அவருக்கு மறுநாள் காலை. முதல் ஐந்து நிமிஷம் அகிலாவைப் பேசவைக்க நான் படும் பாடு.

"என்ன தாயி, சாப்பிட்டியா?" என்று அண்ணன் கத்துவார். தூரம் அதிகம் என்பதால் கத்த வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?" என்று நான் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டு, "அப்பா, அடுத்து அவர் சொன்னது எதுவும் எனக்குப் புரியவில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள். அண்ணன் அந்தப் பக்கம் இன்னும் அவளிடம் பேசிக்கொண்டிருப்பார். நான் குறுக்கே விழ மாட்டேன். முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

2008 கோடையில் அவர் பேச்சு பூராவும் கரண்டைப் பற்றித்தான். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எப்போது போகும் எப்போது வரும் என்று கணக்கே இல்லை.

"கரண்டு போறது கூடப் பரவால்லலே. வரும்போதுதான் கேடு" என்றார்.

"ஏம்ணே?"

"ஒம்போது மிஷினும் ஒரே நேரத்துல எந்திரிக்குல்லா. டிரான்ஸ்பார்மர்ல பீஸு போயிருது. அப்புறம் லைன்மேன் வந்து மாட்டுற வரைக்கும் மத்த தெருவுல எல்லாம் கரண்டு இருக்கும், நமக்கு மட்டும் இருக்காது."

"ஒரே நேரத்துல எப்படிண்ணே எந்திரிக்கும்? கரண்டு போனா ஸ்டார்ட்டர் விளுந்துருமே. பச்சைப் பொத்தானை அமுக்குனாத்தான மோட்டார் ஓடும்?"

"அதுக்குத்தான் அட்டை செருகியிருக்கோம்லா."

இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கரண்டு போய் வந்தால் மோட்டார் தானாக ஓடக் கூடாது, ஆள் வந்து கையால் அமுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஸ்டார்ட்டரே செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சீசனில் ஒரு நிமிஷக் கரண்டு வீணானாலும் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. வெட்டி மிஞ்சிய லேபிள் அட்டையை நாலாக மடித்து, பச்சைப் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி செருகிவைப்பார்கள். ஆள் டீக்கடையில் இருந்தாலும், கரண்டு வந்த நொடியில் மிஷின் ஓட ஆரம்பித்துவிடும். யார் முதலில் தொடங்கியதோ, ஒன்பது கதவிலும் அட்டை வந்துவிட்டது. யானைவெடி படம் போட்ட அட்டை சரியான கனம் என்று அண்ணன் பெருமையாகவே சொன்னார்.

4

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ கரண்டு மிச்சம் பிடிக்கான்" என்று அண்ணன் சொல்லிவைத்திருந்தார். இப்போது என் தெருவே ஒரு சிப் மாதிரி என் முன்னால் கிடந்தது. மணி நிறுத்தி எழுப்பும் ஒன்பது பகுதிகள். எழுப்பும்போது இரைச்சல். மருந்து என் கையில்.

"ண்ணே, ஒவ்வொரு ஸ்டார்ட்டர்லயும் ஒரு டைமர் மாட்டுங்க. கரண்டு வந்ததும் முதல் கதவு உடனே ஓடட்டும். ரெண்டாவது அஞ்சு நொடி களிச்சு. மூணாவது பத்து. இப்படியே போனா பீஸு போகாது."

"டைமர் விலை ரொம்ப வருமோ?"

"உங்க ஒரு பீஸு போற நட்டத்துக்குள்ளதான் வரும்."

தெருவைச் சம்மதிக்கவைப்பது லேசாக இல்லை. யார் முதல், யார் கடைசி என்று சண்டை. அண்ணன்தான் முடித்துவைத்தார். "எந் தம்பி சொன்ன திட்டம். நான் கடைசியா இருந்துக்கிடுதேன்" என்றாராம். ஒன்பதாம் கதவுக்கு நாற்பது நொடி. எலக்ட்ரீசியன் ராசு மதுரையில் டைமர்கள் வாங்கிவந்து மாட்டினான். நான் ஒரு தாளில் படம் வரைந்து, ஸ்கேன் செய்து அனுப்பினேன். அட்டை செருகிய பொத்தானையும் அந்தப் படத்தில் அழகாக ஒரு கட்டம் போட்டுக் காட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு பீஸ் போகவே இல்லை. கரண்டு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரு எழுந்துவருவதை அண்ணன் போனை நீட்டிப் பிடித்து எனக்குக் கேட்கவைத்தார். ஒவ்வொரு மிஷினாகச் சேரச் சேரச் சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. கடைசியில் எங்கள் மிஷின். "கேட்டியாலே? நாப்பது எண்ணி முடிக்கவும் டாண்ணு வருது" என்றார். அவர் தினமும் வாய்க்குள் எண்ணுவாராம். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். இங்கே யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

5

ஆகஸ்ட் மாதம் அலுவலகத்தில் எங்கள் சிப்பின் பரிசோதனைக் கூட்டம். நான் எழுப்பும் முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை நொடித்துளி எண்ணு, அப்புறம் எழுப்பு. அடுத்த பகுதியும் அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, எண்ணி முடிந்ததும் பக்கத்துப் பகுதி எழுந்திருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்கலாம்.

லின் என்று ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள். கையைத் தூக்கினாள்.

"எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் கண்ணிமைக்கும் நேரம் அணைந்து மறுபடி வந்தால்? ஒருவர் எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும். இன்னொருவர் பழைய எண்ணிக்கையிலேயே இருப்பார். இவர் முடிந்துவிட்டது என்று நினைப்பார். அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சரியான கேள்வி. இரண்டே நாளில் திருத்தினேன். யாரும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். எழுந்த பகுதி 'எழுந்துவிட்டேன்' என்று ஒரு கம்பி வழியாகத் தானே பதில் சொல்லட்டும், அந்தப் பதில் வரும்வரை மற்றவர்கள் தொடக் கூடாது. மேலாளர் எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

அந்த வாரமும் அண்ணனிடம் பேசினேன். ஆபீசில் ஒரு தப்பைப் பிடித்துத் திருத்தினேன், நல்ல பேர் கிடைத்தது என்று சொன்னேன். "சந்தோசம்லே" என்றார். தப்பு என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. லின் கேட்ட கேள்வி திருத்தங்கலுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வாரம் இருந்தது. ஒரு போன் போதும்.

6

செப்டம்பரில் ஒருநாள் மதினி கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை.

"தம்பி, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் சாவு சொல்வதற்கும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"என்னா மதினி? அண்ணனுக்கு என்ன?"

"கையி தம்பி. மிஷின்ல கையி போயிருச்சு. மதுரையில சேத்திருக்கோம். நாலு விரலும் இல்ல. பெருவிரலு மட்டும் இருக்கு."

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காலை பத்து மணிக்குக் கரண்டு வந்தது. விளக்கு எரிந்தது. முன்னால் கரண்டு போனபோது ஒரு தாள் உருளைகளுக்கு நடுவே சிக்கி நின்றிருக்கிறது. அண்ணன் எண்ணிக்கொண்டே மிஷின் பக்கத்தில் நின்றார். நடுவில் விளக்கு ஒருதரம் வெட்டியது. கண் மூடித் திறக்கும் நேரம்தான். அண்ணன் எண்ணிக்கையை விடவில்லை. நாற்பது ஆனது, ஐம்பது ஆனது. மற்ற மிஷின்கள் வருவதும் தாறுமாறாக இருந்தது. எங்கள் மிஷின் ஓடவில்லை.

"டைமர் போச்சுடின்னு சொன்னாக தம்பி. சொல்லிக்கிட்டே அந்தப் பேப்பரை எடுக்கக் கைய விட்டாக."

விளக்கு வெட்டியபோது டைமர் முதலில் இருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. அண்ணன் கையை விட்டபோதுதான் அதற்கு நாற்பது முடிந்தது. லின் கேட்ட அதே கேள்வி. மதினிக்கு அது தெரியாது என்று நினைத்தேன். அவர் மேலே பேசிக்கொண்டிருந்தார், இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் ஒரு கை செய்து உண்டியலில் போடுவதாக நேர்ந்திருக்கிறாராம். எந்தக் கை, எத்தனை விரல் என்று என் மனது ஓடியது. என் புத்தி அப்படி. அதை நினைத்து இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

சிப்பில் இரைச்சல் வந்தால் ஒரு கணக்கு தப்பாகும். அதற்குள் யாரும் கையை விடுவதில்லை. அட்டையைப் பிடுங்கி எறியுங்கள் என்பதுதான் நான் முதல்நாள் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தை. அதற்குப் படிப்பே வேண்டாம். நானோ அந்த அட்டைக்குப் படத்தில் கட்டம் போட்டேன்.

7

மறுநாள் வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். ஊருக்குப் போக வேண்டும், அண்ணனுக்கு விபத்து என்றேன். அவர் நல்லவர்தான். வருத்தம் தெரிவித்தார். பிறகு கேட்டார்.

"உயிருக்கு ஆபத்தா?"

"இல்லை. விரல்கள்."

"உயிருக்கு ஆபத்து என்றால் தூதரகத்தில் அவசரம் என்று எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் தர முடியாது. விரல் என்றால்..." என்று நிறுத்தினார். "நான் பயணத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்."

'இல்லை' என்று சொல்லும் முன் எனக்குள் ஒரு தயக்கம் வந்தது. 'ஆமாம்' என்று சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஊருக்குப் போக ஒரு காகிதம் கிடைப்பதற்காக என் அண்ணன் இன்னும் கொஞ்சம் மோசமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தவன் நான். இதை ரேவதியிடமும் சொன்னதில்லை.

ரேவதி, "நீ மட்டும் போ. என்ன ஆனாலும் ஆகட்டும். நாங்கள் சமாளிக்கிறோம்" என்றாள். இரண்டு நாள் பேசினோம். என் விசாவில்தான் அவளும் தொங்கிக்கொண்டிருக்கிறாள். நான் சென்னையில் மாட்டிக்கொண்டு வேலை போனால், அவளும் இங்கே இருக்க முடியாது. அகிலா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பேசத் தெரியாத ஊருக்கு வர வேண்டும். நாலு வருஷ வரிசையும் போகும். இதெல்லாம் காரணங்கள். நான் பயந்தேன் என்பதுதான் உண்மை. டிக்கெட் விலைகூடப் பார்க்கவில்லை.

பெரியப்பாவுக்குக் கையில் அடி என்று மட்டும் அகிலாவிடம் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வாழ்த்து அட்டை செய்ய வேண்டும். அவள் தன் கையைத் தாளில் விரித்துவைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்து, ஐந்து விரலுக்கும் ஐந்து வண்ணம் தீட்டிக் கொண்டுவந்தாள். கீழே தமிழில் 'பெரியப்பா' என்று எழுதியிருந்தாள். நான் சொல்லாமல் அவளாக எழுதிய முதல் தமிழ்ச் சொல். அதை நான் அனுப்பவில்லை. "கிடைத்ததா என்று கேட்டீர்களா?" என்று தினமும் கேட்கிறாள். தபால் மெதுவாகப் போகும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

8

ஐந்து வாரம் அண்ணன் என்னோடு பேசவில்லை. மதினிதான் எடுப்பார். "தூங்குறாக தம்பி" என்பார். தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டி, இன்னொரு தடவை கட்டுப் போட்டிருந்தார்கள். ஆறாவது வாரம் அண்ணனே கூப்பிட்டார். நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குக் கீழே காரை நிறுத்தியிருந்தேன். இறங்காமல் அப்படியே உட்கார்ந்து பேசினேன்.

"ஏலே குமாரு."

"ண்ணே. எப்படி இருக்கீக?"

"இருக்கேன். அச்சாபீஸ்லதான் உக்காந்திருக்கேன். கேலண்டர் ஆர்டர் கெடக்கு. ஒம் மதினியும் ஒரு ஆளும் பாக்காக. நான் சும்மா காவல்."

என்ன சொல்ல வேண்டும் என்று ஐந்து வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வரிசையெல்லாம் போய்விட்டது.

"ண்ணே, அந்த டைமரு... வெளக்கு ஒருக்கா வெட்டுச்சுல்லா, அப்ப அது மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணும். எனக்குத் தெரியும்ணே. இங்கன ஆபீஸ்ல அதே தப்பை மூணு வாரம் முன்னாடியே திருத்துனேன். நல்ல பேர் வாங்குனேன்னு ஒங்ககிட்டச் சொன்னது அதுதான். ஒங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலண்ணே."

அந்தப் பக்கம் மின்வெட்டு நேரம் போலிருக்கிறது. எந்த மிஷினும் ஓடவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனது கேட்டது.

"டைமரு மறுபடி எண்ணுனது தெரியும்லே" என்றார் அண்ணன். "ராசு ஆஸ்பத்திரியிலயே சொன்னான். நாந்தான் ஒம் மதினிகிட்ட, அவன்கிட்டச் சொல்லாதன்னு சொன்னேன். ஒனக்கு முன்னாடியே தெரியும்ங்கிறது இப்பத்தான் தெரியும்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கோவம் இருக்கு. இல்லன்னு சொல்லமாட்டேன். நீ வந்து நின்னா மூஞ்சியப் பாத்து நாலு கேள்வி கேப்பேன், ரெண்டு அறை கூட விடுவேன். அப்புறம் சாப்பிடச் சொல்லுவேன். போன்ல எப்படிலே கேக்க? நீ அங்கன தனியா கெடந்து தவிப்ப. அதான் எடுக்கல."

"கேளுங்கண்ணே. இப்பவே கேளுங்க."

"போன்ல வேண்டாம்" என்றார். "எப்பலே வருவ?"

காருக்கு வெளியே அகிலா படியில் நின்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாசம் என்று சொல்லலாம். அடுத்த வருஷம் என்று சொல்லலாம். இரண்டும் பொய். வரிசை எப்போது நகரும் என்று வக்கீலம்மாவுக்கே தெரியாது. அண்ணன் காத்திருந்தார். நான் பதில் சொல்வேன் என்றே காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

திடீரென்று அந்தப் பக்கம் யாரோ உரக்க, "ஒண்ணு!" என்று கூவினார்கள். ஒரு மிஷின் ஓடும் சத்தம்.

"என்னண்ணே அது?"

"கரண்டு வந்திருச்சு. டைமர் எல்லாத்தையும் களத்தியாச்சு. அட்டையும் கிடையாது. இப்ப ஆள் நின்னு கையாலதான் அமுக்கணும். அமுக்கி, ஓடுன பெறகு கூப்புடணும். அதைக் கேட்டுத்தான் அடுத்தவன் அமுக்குவான். தெருக்காரங்க பேசி வச்சது."

"ரெண்டு!" அடுத்த மிஷின். "மூணு!" ஒவ்வொரு குரலாக அண்ணனை நெருங்கி வந்தது. ஆறாவது பெண் குரல். ஏழு மிக அருகில் கேட்டது. அண்ணன் எழுந்திருக்கும் நாற்காலிச் சத்தமும் கேட்டது.

"ண்ணே, வந்து..."

"எட்டு!"

"அப்புறம் சொல்லு. ஒம் மதினி கடைக்குப் போயிருக்கா, அந்த ஆளும் இன்னும் வரல. போனை வையிலே, அமுக்குறதுக்குக் கை வேணும்" என்றார் அண்ணன்.